லெவிக்கு ஒரு கண்ணாடி ஓடு

எங்கள் ஹெல்மெர்வைக்கில் ஒருவருடைய பிறந்தநாளை மறப்பது லேசுப்பட்ட குற்றம் இல்லை. சைக்கிள் திருடியவனைக்கூட நாலு வருடத்தில் மன்னித்துவிடுவார்கள். பிறந்தநாளுக்கு வராதவளை மன்னிக்க மாட்டார்கள். மறந்துவிடக் கூடாதே என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் கிழமை போட்டிருக்காது, அதனால் வருடாவருடம் மாற்ற வேண்டியதில்லை. சொந்தம், சிநேகிதம், பக்கத்து வீடு, எதிர்வீடு என்று எல்லோருடைய பெயரும் அவரவர் தேதிக்கு நேரே எழுதியிருக்கும். தினமும் தப்பாமல் போய் உட்காருகிற இடம் அது ஒன்றுதானே. ஒரு வீட்டுக் காலண்டரில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அந்த வீட்டில் நீங்களும் ஒரு ஆள் என்று அர்த்தம்.

அலெய்டா ருடிங் வீட்டுக் கழிப்பறையில் மட்டும் காலண்டர் கிடையாது. எண்பத்தோரு வயதாகியும் அவள் யார் பிறந்தநாளுக்கும் போனதில்லை. தன் பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிட்டதுமில்லை. இத்தனைக்கும் முப்பத்தாறு வருடம் ஊராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவேடு எழுதியவள். ஊரில் பாதிப் பேர் பிறந்த தேதி அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தூக்கம் வழிய வந்து நிற்கும் தகப்பன்களிடம், "தேதியைச் சரியாச் சொல்லுங்க, அப்புறம் மாத்த முடியாது" என்பாள். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

"அலெய்டா அத்தைக்கு ஊர்ல எல்லார் தேதியும் மனப்பாடம். ஆனா ஒருத்தர் வீட்டுக் கேக்கும் தொண்டையில இறங்காது" என்று கசாப்புக்கடைக்காரர் மனைவி அவள் காதுபடவே சொல்வாள்.

"வந்தா பரிசு வாங்கிட்டு வரணுமே, அதான்" என்பாள் கூட நிற்பவள்.

கஞ்சம் என்ற பெயர் அலெய்டாவுக்குச் சௌகரியமாக இருந்தது. ஊரார் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துத் திருப்திப்பட்டுக்கொண்டால் மேற்கொண்டு கேள்வி வராது. கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் அதே காரணத்தை வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருடம், செப்டம்பர் மாதம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வாண்டர் லென்சிங்க் கையில் ஒரு சுருட்டின வரைபடத்தோடு அவள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார். ஊரில் எந்தக் குழு அமைத்தாலும் அவர்தான் தலைவர். பேசினால் நிறுத்தத் தெரியாது, ஆனால் மனதில் கள்ளம் கிடையாது.

"அத்தை, உட்காருங்க. நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன்."

"என் வீட்டுல என்னையே உட்காரச் சொல்றியா? நீ உட்காரு முதல்ல."

வாண்டர் மேஜைமேல் வரைபடத்தை விரித்தார். ஜெர்மன்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருடத்தில் ஹெல்மெர்வைக்கில் இருபத்துமூன்று வீடுகளில் ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். யூதர்கள், ஜெர்மனியில் போய் வேலை செய்ய மறுத்த பையன்கள், ரயில்வேக்காரர்கள் என்று மொத்தம் நாற்பத்தொரு பேர். முக்கால்வாசிப் பேர் பரண்மேல்தான் இருந்தார்கள். ஆர்ன்ஹெமிலிருந்து ஒளிச்சிற்பம் செய்கிற ஒரு பெண்மணி வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொல்லியிருந்தாள். அந்த இருபத்துமூன்று கூரைகளிலும் ஒளிந்திருந்த ஆளுக்கு ஒன்று வீதம் மண் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதிப்பது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. பொழுது சாய்ந்ததும் நாற்பத்தொன்றும் தானாக எரியும்.

"அந்தக் காலத்துல பரண்ல ஒரு பொட்டு வெளிச்சம் கசிஞ்சாலும் உயிர் போயிருக்கும். இனிமே ராத்திரியில நம்ம ஊர்க் கூரையில தெரியறதே அவங்க வெளிச்சம்தான்! எப்படி?" என்றார் வாண்டர், தானே கண்டுபிடித்த மாதிரி.

நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. நம் ஊர்க்காரர்கள் இன்னொரு வெண்கலச் சிலையை வைத்துப் புறாக்களிடம் ஒப்படைக்காமல் விட்டார்களே, அதுவே பெரிசு.

"உங்க வீட்டுக்கு ஒண்ணு. லெவிக்கு" என்றார் வாண்டர். "அப்புறம் இன்னொண்ணு. லெவியோட தம்பி மெயெர் ஆம்ஸ்டர்டாம்ல இருந்து வர்றார். விளக்கேத்தறதுக்கு முன்னாடி உங்க வீட்டுல உட்கார்ந்து ஒரு காபி குடிக்கணும்னு எழுதியிருக்கார். எழுபத்தெட்டு வயசாச்சாம், இனிமே வர முடியுமோ என்னவோன்னு."

அலெய்டா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டின்மேல் மஞ்சள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தது. பக்கத்தில் வாண்டர் தன் அழகான கையெழுத்தில் 'ருடிங் குடும்பம், கடைசிவரை காத்தவர்கள்' என்று எழுதியிருந்தார்.

"அந்தக் 'கடைசிவரை'யை எடுத்துரு" என்றாள்.

"ஏன் அத்தை? உங்க அப்பா ஜெர்மன் முகாம்ல கிடந்து..."

"எடுத்துருன்னா எடு."

வாண்டர் எடுத்துவிட்டார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு, அதையும் நாலு பேரிடம் சொன்னார்.

லெவி அந்த வீட்டுக்கு வந்தது நாற்பத்திரண்டாம் வருடம் ஆகஸ்டில். யூதப் பையன், பத்தொன்பது வயது; பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். பெற்றோரை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து வயதுத் தம்பி மெயெரை மூன்று மைல் தள்ளி ஒரு பண்ணையில் மறைத்து வைத்திருந்தார்கள். அலெய்டாவின் அப்பா டெர்க் சைக்கிள் பழுதுபார்ப்பவர். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே பரண். பகலெல்லாம் கடைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் லெவி பரணில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையில் வாயை அழுத்திக்கொள்வான். ஊர் அடங்கிய பிறகுதான் கீழே இறங்கிக் கழிப்பறைக்குப் போவான்.

ஒன்பது வயது அலெய்டா அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். சட்டைப் பித்தான்களை வைத்து அவனோடு ஆடுபுலி மாதிரி ஒரு ஆட்டம் ஆடுவாள். அவன் வேண்டுமென்றே தோற்பான், தோற்றுவிட்டுப் பொய்யாகக் கோபித்துக்கொள்வான். அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. இப்படி ஒருவன் வீட்டில் இருக்கிறான், அவன் பெயர் மட்டும் காலண்டரில் இல்லை என்பது அவள் புத்திக்கு அநியாயமாகப் பட்டது. முட்டைக்காரி பெயர்கூட இருந்தது.

பிப்ரவரி பதினெட்டு அம்மாவின் பிறந்தநாள். பத்தொன்பது லெவியின் பிறந்தநாள், இருபது முடிகிறது. பதினெட்டாம் தேதி காலையில் அலெய்டா பென்சிலை எடுத்துப்போய் அம்மா பெயருக்குக் கீழே 'லெவி' என்று எழுதினாள். அன்றிரவு அவன் இறங்கி வரும்போது பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அன்றைக்குத்தான் வருடத்தில் ஒரே ஒரு தடவை வீடு கொள்ளாமல் வெளியாட்கள் வருவார்கள் என்பது அந்தக் குழந்தைக்கு உறைக்கவில்லை. போர்க்காலமானாலும் பிறந்தநாள் பிறந்தநாள்தான். கூப்பிடாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

மாவு மில்லில் குமாஸ்தாவாக இருந்த ஹாவெமானும் வந்தான். அவன் ஜெர்மன்காரர்களை ஆதரித்த கட்சியில் சேர்ந்தவன், அதனாலேயே அவனைக் கூப்பிடாமல் விட முடியாது. சிக்கரிக் காபி குடித்தான், பீட்ரூட் பாகு விட்ட கேக்கைத் தின்றான், எழுந்து கழிப்பறைக்குப் போனான். திரும்பி வந்து, நடையில் நின்றிருந்த அலெய்டாவின் அருகே குனிந்தான்.

"நாளைக்கும் உங்க வீட்டுல விசேஷம் போல இருக்கே. லெவி யாரு பாப்பா?"

"யாருமில்ல" என்றாள் அலெய்டா. முகம் குப்பென்று சிவந்தது.

அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனான். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து மறுபடி வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அன்று சாயங்காலம் அலெய்டா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்குப் பின்னாலிருந்த மாட்டுப் பாதை வழியாக அப்பா லெவியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார், நேரம் தாராளமாக இருந்தது. சுவரில் கண்டதைக் கிறுக்கினாயா என்று அடி விழும் என்று பயந்து அவள் சொல்லவில்லை. ஒரு அறைக்குப் பயந்தாள். படுக்கையில் விழித்துக் கிடந்தாள். நடு இரவில் லெவி இறங்கி வந்ததும், கழிப்பறைக்குள் மெல்ல அவன் சிரித்ததும் சுவர் வழியாகக் கேட்டன. விடியற்காலை ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள்.

லெவியையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா ஏழு மாதம் கழித்து, பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். லெவி வரவில்லை. அந்தக் காலையில் அம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, அலெய்டா ரப்பரால் அந்தப் பெயரை அழித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போர் முடிந்த பிறகு ஹாவெமான் வேறு குற்றங்களுக்காக ஜெயிலுக்குப் போனான். இதைப் பற்றி வாய் திறக்காமலேயே செத்தான். போலீஸ் காகிதத்தில் 'தகவல் கிடைத்தது' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. யார் சொன்னது என்று ஊருக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாமலேயே போய்விட்டது. அம்மா இறந்த மறுவாரம் அலெய்டா அந்தக் காலண்டரைக் கழற்றி அடுப்பில் போட்டாள்.

அதற்கெல்லாம் முன்பு, அறுபத்தொன்றாம் வருடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயெர் வந்தான். ஒடிசலான இளைஞன். அன்றைக்குத்தான் புதிதாக வாங்கிப் போட்டதுபோல் ஷூ பளபளத்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அலெய்டாதான் காபி போட்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா? யார் சொன்னாங்கன்னு?" என்று கேட்டான். அந்த ஒன்றைக் கேட்கத்தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருந்தான்.

"தெரியாது. யாருக்குமே தெரியாது" என்றாள் அலெய்டா.

"வீட்டுல ஏதாவது நடந்துச்சா? அதுக்கு முந்தின நாள்?"

"ஒண்ணும் நடக்கல."

அவன் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினான். பிறகு நன்றி சொல்லிவிட்டு மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டான். அவன் தெரு திரும்புகிறவரை அலெய்டா ஜன்னலில் நின்றாள். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. கதவுவரை போனாள். அப்புறம் கடிதம் எழுதலாம் என்று திரும்பிவிட்டாள். எழுதவில்லை.

ஐம்பத்துநாலு வருடம் கழித்து அதே மெயெர் அதே வீட்டுக்குக் காபி குடிக்க வருகிறார் என்றதும் அலெய்டா ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தத் தடவை சொல்லிவிடுவது. அவர் திட்டட்டும், காறித் துப்பட்டும், விளக்கே வேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொல்லட்டும். சொல்லாமல் அந்தக் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே ஒரு ராத்திரிகூடத் தன்னால் தூங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அக்டோபரில் ஓடு பதிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கூரைமேல் நின்றுகொண்டு கீழே கத்தினான்.

"பாட்டிம்மா, எந்த ஓட்டை எடுக்கறது? ஆயிரத்து நூறு இருக்கு, குலுக்கல் போடலாமா?"

"குலுக்கல் ஒண்ணும் வேணாம். புகைக்கூண்டுக்கு இடது பக்கம், கீழேயிருந்து நாலாவது வரிசை. அங்கதான் அவன் தலை வெச்சுப் படுப்பான்."

மேலே இருந்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டு விரலால் வரிசையை எண்ண ஆரம்பித்தான்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்றரை மணிக்கு மெயெர் வந்தார். ஒடிசல் உடம்பு அப்படியே இருந்தது, முதுகு மட்டும் வளைந்திருந்தது. கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஐந்து மணிக்கு விளக்கு.

"சௌக்கியமா இருக்கீங்களா, அலெய்டா?"

"இருக்கேன். காபியை இன்னும் தொடாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லணும். கேட்டப்புறம் குடிக்கறதும் குடிக்காததும் உங்க இஷ்டம்."

சொன்னாள். எழுதினதையும், ஹாவெமான் கேட்டதையும், முகம் சிவந்ததையும், அறைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதையும், ரப்பரால் அழித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வரிசை மாறாமல் வந்தது. எழுபத்திரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஆயிற்றே.

மெயெர் ஸ்பூனை மேஜைமேல் வைத்தார்.

"ஹாவெமானா? நிச்சயமா?"

"நிச்சயமா. என்கிட்டயேதான் கேட்டான்."

"முந்தின நாளே வேற யாராவது போய்ச் சொல்லியிருக்க மாட்டாங்களே? முட்டை வாங்க வந்த ஆளு யாராவது?"

"முட்டையா? எந்த முட்டை?"

மெயெர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"பண்ணைக்கு ஒரு ஆள் முட்டை வாங்க வந்தான். பதினேழாம் தேதி. நான் கோழிகிட்ட நின்னுட்டிருந்தேன். வெளிய வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, வந்துட்டேன். உனக்கு அண்ணன் தம்பி உண்டாடான்னு கேட்டான். எனக்கு ரொம்பப் பெருமை. 'அண்ணன் இருக்கான், சைக்கிள்காரர் வீட்டு மேல இருக்கான்'னு சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல அவனைப் பிடிச்சுட்டாங்கன்னு பண்ணையில பேசிக்கிட்டாங்க."

அலெய்டாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"அப்ப நீங்க..."

"நான்தான்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில ரயில்ல வரும்போதும் அப்படித்தான் நெனச்சிட்டு வந்தேன். அவனுக்கு வைக்கிற விளக்கைப் பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு."

"அந்த ஆள் முட்டை வாங்கத்தான் வந்திருப்பான்" என்றாள் அலெய்டா. "நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான்." பிறகு, அந்த வயதிலும் மனித மனம் எவ்வளவு அசட்டுத்தனமாக ஆறுதல் தேடுகிறது பாருங்கள், "இப்பவாவது உங்களுக்கு நிம்மதிதானே?" என்று கேட்டுவிட்டாள்.

மெயெர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"அவன் சிரிச்சான்னு சொன்னீங்களே. நிஜமா?"

"நிஜமா. எனக்குக் கேட்டுச்சு."

"சரி. ஒன்பது வயசுல எழுதினீங்க. அதுக்கு உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவனைக் கொன்னது நீங்க இல்ல. கொன்னவங்க வேற." காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆனா அறுபத்தொண்ணுல நான் வந்து கேட்டேன். அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தேழு."

"எனக்கு இருபத்துநாலு. அடுத்த மாசம் கல்யாணம். அதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன். நீங்க வீட்டுல ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னீங்க. அப்ப சந்தேகமே இல்ல, நான்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்தது, ஆட்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். திரைச்சீலை போடாத ஜன்னல் வழியாக அவர்களுடைய குடைகள் தெரிந்தன. ஒரு பெண் இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். அலெய்டா பதிலுக்குக் கையைத் தூக்கினாள்.

"என் சம்சாரம் ரோஸெட் குழந்தை வேணும்னு கேட்டா" என்றார் மெயெர். "நாலு வருஷம் கேட்டா. நான் மாட்டேன்னுட்டேன். ஒரு குழந்தை வாயைத் திறந்தா என்ன ஆகும்னு எனக்குத்தானே தெரியும். என் வீட்டுல குழந்தை சத்தமே வேண்டாம்னு சொன்னேன். ஏன்னு அவகிட்ட சொல்லல, சொல்ல வாய் வரல. அவ அக்கா பிள்ளைங்க வந்தாக்கூட நான் வெளிய போயிருவேன். அவ என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு நெனச்சுட்டே போய்ச் சேர்ந்தா. ஒம்பது வருஷம் ஆச்சு."

அலெய்டா வாயைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்பதற்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் லெவிக்கானவை. இதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. லெவியை எண்ணி எண்ணி ஒரு ஆயுளைக் கழித்தவள், உயிரோடு இருந்தவனைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. பிறந்தநாளுக்குப் போகாமல், கேக் தின்னாமல், தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டு திருப்திப்பட்டிருந்தாள். அந்த வருடங்களில் ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு தபால்தலை ஒட்டியிருந்தால் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கும்.

"மெயெர்..." என்றாள்.

"வேண்டாம்" என்றார் அவர். அதட்டலாகச் சொல்லவில்லை. "இப்ப எதுவும் சொல்லாதீங்க."

வாண்டர் கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே தலையை நீட்டினார்.

"ரெண்டு பேரும் கதை பேசிட்டே இருந்தா எப்படி? எல்லாரும் மழையில நிக்கறாங்க!"

மெயெர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். பழக்கத்தில் அலெய்டாவின் கோட்டையும் ஆணியிலிருந்து எடுத்து, அவள் கை நுழைக்க வசதியாகப் பிடித்தார். இருவரும் தெருவுக்கு வந்தார்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். கசாப்புக்கடைக்காரர் மனைவி வழிவிட்டு, "முன்னாடி வாங்க அத்தை, உங்க வீடுதானே" என்றாள்.

வானம் மங்கி வந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை, வெளிச்சம் குறைந்ததும் தானாகவே எரிந்தது. புகைக்கூண்டுக்கு இடது பக்கம், நாலாவது வரிசையில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு வெளிச்சம். தெருக்கோடியில் இன்னொரு கூரையில் இரண்டு, சர்ச் பக்கத்து வீட்டில் மூன்று. பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மெயெர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

வாண்டருக்குக் கண் கலங்கியிருந்தது. மெயெரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா, ரொம்ப சந்தோஷம். வருஷம் முழுக்க தினமும் எரியும். அடுத்த தடவை வரும்போது பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அவங்களும் பார்க்கணும் இல்லையா?"

"ஆகட்டும்" என்றார் மெயெர்.

அலெய்டா பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டாள்.